சிக்னல் வரும்வரை க்யூவில் கிடக்கட்டும்: டெர்மினலிலிருந்து ஆஃப்லைனில் மெயில் அனுப்ப முழுமையான வழிகாட்டி

மூக்கையூர், நரிப்பையூர், வாலிநோக்கம் என்று கரையோரமாக இருக்கிற மீன் கொட்டகைகளில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்: எடை போட்டு முடிக்கிற நேரத்துக்கும் சிக்னல் வருகிற நேரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. படகு வாரியாக நண்டும் கணவாயும் எத்தனை கிலோ என்ற பட்டியல் காலை ஆறரைக்கே தயாராகிவிடும். தூத்துக்குடிக் கம்பெனிக்கு அது லாரி கிளம்பும் முன் போய்ச் சேர வேண்டும். பிரவுசரைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுதின கடிதம் பாதியில் நிற்கும், கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து போகும்.

இதற்கு வழி, எழுதுவதையும் அனுப்புவதையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துவிடுவது. கடிதத்தை நெட் இல்லாதபோதே எழுதி 'அனுப்பு' என்று சொல்லிவிட வேண்டும். அது நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு க்யூவில் போய் உட்காரும். லைன் கிடைத்ததும் ஒரே கட்டளையில் மொத்தமும் கிளம்பும். போனில் இருக்கிற ஜிமெயில் செயலியும் அவுட்பாக்ஸில் போட்டுவைத்து அனுப்பும்தான். ஆனால் எது முன்னால் போகணும், எது ராத்திரி வரை நிற்கணும், எது ஏன் நிற்கிறது என்று அங்கே கேட்க முடியாது. ஒரே கம்ப்யூட்டரை நாலு பேர் பயன்படுத்தும் இடத்தில் அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேவை.

நான் பரிந்துரைப்பது லினக்ஸில் மெயிலை க்யூவில் வைத்து அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற நிரல், கடிதம் எழுத மட் என்ற நிரல். இரண்டையும் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், இயக்குவோம். போஸ்ட்ஃபிக்ஸை எழுதியவர் வீட்ஸே வெனமா. ஐபிஎம்மில் இருந்தபோது எழுதி 1998இல் வெளியிட்டார். அது டயல்-அப் காலம். நம் நாட்டில் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுக்க ஆரம்பித்ததே 1995 ஆகஸ்ட் 15இல்தான். மோடம் கத்தி லைன் பிடிக்கும்வரை மெயில் காத்திருப்பது அப்போது சாதாரண விஷயம். அதற்காக வைத்த வசதி இன்றும் அப்படியே உள்ளே இருக்கிறது, நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு விஷயம் முன்கூட்டியே. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களைத் தனியாகச் சொல்கிறேன். அடிக்கோடு, சமக்குறி, சதுர அடைப்பு எல்லாம் காட்டியபடியே இருக்கட்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

மட்டில் கடிதம் எழுதி அனுப்பும் விசையை அழுத்தினால், அது சென்ட்மெயில் என்ற கட்டளையைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவியதும் அந்தப் பெயரில் அதன் சொந்தக் கட்டளை வந்துவிடுகிறது. அது கடிதத்தை மெயில்ட்ராப் என்ற அடைவில் (ஃபோல்டரில்) போடும். அங்கிருந்து சரிபார்த்து இன்கமிங், பிறகு ஆக்டிவ் என்று நகர்த்தும். இப்போது அனுப்ப முடியாது என்றால் டிஃபர்ட் அடைவுக்கு ஒதுக்கிவிடும். எல்லாமே /வேர்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இடத்தின் கீழே சாதாரணக் கோப்புகள்தான்.

நமக்கு முக்கியமானது இது: கடிதத்தை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்வதற்கு முன்பே போஸ்ட்ஃபிக்ஸ் அதை டிஸ்கில் எழுதி உறுதிசெய்துகொள்ளும். அடுத்த நொடி கரண்ட் போனாலும் கடிதம் இருக்கும். யூபிஎஸ் பேட்டரி செத்துப்போன கொட்டகைக்கு இது பெரிய நிம்மதி.

முதல் படி: நெட் நன்றாக இருக்கும் இடத்தில் நிறுவுவது

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சாயல்குடியோ ராமநாதபுரமோ போகும் நாளில் இதைச் செய்துவிடுங்கள். லினக்ஸின் டெபியன், உபுண்டு வகைகளில் (சுடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று சொல்வது):

சுடோ ஏபிடி இன்ஸ்டால் போஸ்ட்ஃபிக்ஸ் மட் லிப்சாஸ்ல்2-மாட்யூல்ஸ் சிஏ-சர்டிஃபிகேட்ஸ்

மூன்றாவதாக இருக்கிற லிப்சாஸ்ல்2-மாட்யூல்ஸ் பலரும் விட்டுவிடுவது. அது இல்லாவிட்டால் ஜிமெயில் சர்வரில் லாகின் செய்யும் முறையே போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியாது. நிறுவும்போது எந்த வகை அமைப்பு என்று கேட்கும். 'இன்டர்நெட் வித் ஸ்மார்ட்ஹோஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் கடிதத்தை நேரே பெறுநரின் சர்வருக்குக் கொண்டுபோகாமல், ஜிமெயில் மாதிரி ஒரு பெரிய சர்வரிடம் கொடுத்து 'நீ கொண்டுபோய்ச் சேர்' என்று விடுவதற்குத்தான் அந்தப் பெயர். மொபைல் லைனிலிருந்து நேரடியாக அனுப்பப் பார்த்தால் மெயில் போகிற வாசலான 25ஆம் எண் போர்ட்டைப் பெரும்பாலும் அடைத்து வைத்திருப்பார்கள். அப்படியே போனாலும் ஸ்பேமுக்குத்தான் போகும். அந்த முயற்சியே வேண்டாம்.

ஜிமெயில் கணக்கின் வழக்கமான பாஸ்வேர்டு இதற்கு ஆகாது. 2022 மே 30க்குப் பிறகு வெறும் பாஸ்வேர்டை வைத்து வெளிச் செயலிகள் லாகின் செய்வதை கூகுள் நிறுத்திவிட்டது. கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, ஆப் பாஸ்வேர்டு என்று ஒன்று உருவாக்கிக்கொள்ள வேண்டும். 16 எழுத்து இருக்கும். இடைவெளி விட்டுக் காட்டும், நாம் இடைவெளி இல்லாமல் எழுதிக்கொள்ளலாம். பின்னால் யாராவது கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் இந்த ஆப் பாஸ்வேர்டும் செல்லாமல் போகும். கொட்டகைக் கணக்கின் பாஸ்வேர்டை முதலாளி வீட்டுப் பையன் போனில் மாற்றிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பது நடக்கக்கூடியதுதான். மெயில் திடீரென்று போகவில்லை என்றால் முதலில் அதை விசாரியுங்கள்.

இரண்டாம் படி: போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பு

/இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/மெயின்.சிஎஃப் கோப்பை ரூட் (நிர்வாகி) உரிமையோடு திறந்து இந்த வரிகளைப் பாருங்கள். ஏற்கனவே இருப்பதை மாற்றுங்கள், இல்லாததைச் சேருங்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் கடைசியாக வருவதே எடுபடும்.

ரிலேஹோஸ்ட் = [எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம்]:587
எஸ்எம்டிபி_சாஸ்ல்_ஆத்_எனேபிள் = யெஸ்
எஸ்எம்டிபி_சாஸ்ல்_பாஸ்வேர்டு_மேப்ஸ் = ஹேஷ்:/இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/சாஸ்ல்_பாஸ்வ்டு
எஸ்எம்டிபி_சாஸ்ல்_செக்யூரிட்டி_ஆப்ஷன்ஸ் = நோஅனானிமஸ்
எஸ்எம்டிபி_டிஎல்எஸ்_செக்யூரிட்டி_லெவல் = என்க்ரிப்ட்
ஐநெட்_இன்டர்ஃபேசஸ் = லூப்பேக்-ஒன்லி

சதுர அடைப்பு அலங்காரத்துக்கு இல்லை. இந்தப் பெயருக்கான மெயில் சர்வர் யார் என்று டிஎன்எஸ்ஸில் (இணையத்தின் பெயர்ப் பட்டியலில்) தேடாமல் நேராக இதே பெயருக்குப் போ என்று அது சொல்கிறது. நான்காவது வரியை விட்டால் பாஸ்வேர்டை நேரடியாக அனுப்பும் முறைக்குத் தடை நீடிக்கும், லாகின் நடக்காது. பாஸ்வேர்டு அம்பலமாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஐந்தாவது வரி இருக்கும்வரை முழுப் பேச்சும் குறியாக்கத்துக்குள்தான் நடக்கும். ஆறாவது வரி, வெளியிலிருந்து வேறு யாரும் நம் மெஷின் வழியாக மெயில் அனுப்பாமல் பார்த்துக்கொள்ளும். கட்டாயம் வேண்டும்.

பிறகு சாஸ்ல்_பாஸ்வ்டு கோப்பை உருவாக்குங்கள். பாஸ்வேர்டு என்ற ஆங்கிலச் சொல்லில் ஓ, ஆர் இரண்டையும் விட்டுவிட்ட 'பாஸ்வ்டு' என்ற வழக்கமான யூனிக்ஸ் சுருக்கம். உள்ளே ஒரே வரி: முதலில் ரிலேஹோஸ்டில் எழுதியதை எழுத்துப் பிசகாமல் அதே சதுர அடைப்போடும் போர்ட்டோடும் எழுதி, ஒரு இடைவெளி விட்டு, முழு ஜிமெயில் முகவரி, ஒரு முக்காற்புள்ளி, ஆப் பாஸ்வேர்டு. அப்புறம்:

சுடோ சிஹெச்மாட் 600 /இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/சாஸ்ல்_பாஸ்வ்டு
சுடோ போஸ்ட்மேப் /இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/சாஸ்ல்_பாஸ்வ்டு
சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் போஸ்ட்ஃபிக்ஸ்

பாஸ்வேர்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் போஸ்ட்மேப்பை மறுபடி ஓட்ட வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் படிப்பது நீங்கள் எழுதிய கோப்பை இல்லை, அதிலிருந்து போஸ்ட்மேப் உருவாக்கிய கோப்பை.

மூன்றாம் படி: மட்

வீட்டு அடைவில் .மட்ஆர்சி என்ற கோப்பு. நாலைந்து வரி போதும்:

செட் ஃப்ரம் = உங்கள் ஜிமெயில் முகவரி
செட் ரியல்நேம் = "கொட்டகைப் பெயர்"
செட் யூஸ்_என்வலப்_ஃப்ரம் = யெஸ்
செட் ஃபோல்டர் = ~/மெயில்
செட் ரெக்கார்ட் = +சென்ட்

ஜிமெயில் வழியாகப் போகும் கடிதத்தில் அனுப்புநர் முகவரி அந்தக் கணக்கினுடையதாகவே இருக்கும். வேறு எதையாவது எழுதினால், அதைக் கணக்கில் முன்பே பதிவு செய்திருந்தால் ஒழிய, கூகுள் மாற்றிவிடும். கடைசி வரியில் வரும் பிரதி முக்கியம். அனுப்பின ஒவ்வொன்றின் நகலும் நம் டிஸ்கிலேயே இருக்கும், நெட் இல்லாதபோதும் திறந்து பார்க்கலாம். தமிழில் எழுதத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். டெர்மினல் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் இருந்தால் போதும். சில டெர்மினல்களில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும். அது திரைக் கோளாறுதான், பெறுபவருக்குச் சரியாகவே போகும்.

தினமும் ஒரே வடிவில் போகும் எடைப் பட்டியலுக்கு மட்டைத் திறக்கவே தேவையில்லை:

மட் -எஸ் "இன்றைய எடை" -ஏ பட்டியல்.பிடிஎஃப் -- கம்பெனி முகவரி < குறிப்பு.டெக்ஸ்ட்

இணைப்புக்கும் முகவரிக்கும் நடுவில் இருக்கிற இரட்டைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். விட்டால் முகவரியையும் இணைக்க வேண்டிய கோப்பு என்று மட் நினைத்துக்கொள்ளும்.

நான்காம் படி: முதலில் ஆன்லைனில் ஒன்று

அவசரப்பட்டு, அடுத்த படியில் வரும் ஆஃப்லைன் வரியைச் சேர்த்துவிடாதீர்கள். நெட் இருக்கும்போதே உங்களுக்கே ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். இன்னொரு ஜன்னலில் 'சுடோ ஜர்னல்சிடிஎல் -எஃப்' என்று போட்டு லாகை, அதாவது நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் பதிவை, பார்த்துக்கொண்டிருங்கள். 'ஸ்டேட்டஸ்=சென்ட்' என்றும் பக்கத்தில் 250 என்ற எண்ணும் வந்தால் வேலை முடிந்தது. 535 வந்தால் ஆப் பாஸ்வேர்டில் தவறு. இங்கே போஸ்ட்ஃபிக்ஸ் கொஞ்சம் கருணையோடு நடந்துகொள்ளும். லாகின் தோற்றால் கடிதத்தைத் திருப்பி அனுப்பாமல் க்யூவிலேயே வைத்திருக்கும். பாஸ்வேர்டைத் திருத்தியதும் அதே கடிதம் போகும்.

ஐந்தாம் படி: க்யூவில் நிறுத்துவது

இனி மெயின்.சிஎஃப்பில் இந்த வரி:

டிஃபர்_ட்ரான்ஸ்போர்ட்ஸ் = எஸ்எம்டிபி

'சுடோ போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்' கொடுங்கள். இனி வெளியே போக வேண்டிய எந்தக் கடிதமும் நீங்கள் சொல்லும்வரை நகராது.

இந்த வரி இல்லாமலும் போஸ்ட்ஃபிக்ஸ் நெட் இல்லாதபோது கடிதத்தைத் தூக்கிப்போடாது, வைத்திருந்து மறுபடி முயலும். அப்படியானால் இது எதற்கு? முதல் தடவை தோற்றால் 300 விநாடி கழித்து முயலும். திரும்பத் திரும்பத் தோற்றால் இடைவெளி கூடிக்கொண்டே போய் 4000 விநாடி வரை ஆகும், அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல். நமக்கோ சிக்னல் பத்து நிமிடம் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். அந்தப் பத்து நிமிடத்தில் போஸ்ட்ஃபிக்ஸ் தூங்கிக்கொண்டிருக்கலாம். எப்போது அனுப்புவது என்ற முடிவை நம் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

இப்போது வைஃபையை அணைத்துவிட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். பிறகு:

மெயில்க்யூ

இந்தக் கட்டளையின் முடிவில் 'க்யூ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து மட்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு அடையாள எண், அளவு, போட்ட நேரம், அனுப்புநர் வரும். அடுத்த வரியில் அடைப்புக்குள் 'டிஃபர்ட் ட்ரான்ஸ்போர்ட்' என்ற காரணம், கீழே பெறுநர். கடைசியில் மொத்த அளவும் எண்ணிக்கையும். கடிதத்தின் தலைப்பு இதில் தெரியாது. எது எது என்று குழம்பினால் 'சுடோ போஸ்ட்கேட் -க்யூ' என்று போட்டு அடையாள எண்ணைக் கொடுத்தால் கடிதமே விரியும். தலைப்பு தமிழில் இருந்தால் அங்கே குறியீடாகத்தான் தெரியும். ஆனாலும் தேதி, பெறுநரை வைத்து அடையாளம் கண்டுவிடலாம். அடையாள எண்ணில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. கையால் தட்டாமல் காப்பி செய்யுங்கள்.

ஆறாம் படி: லைன் கிடைத்ததும்

போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, லேப்டாப்பை இணைத்து:

போஸ்ட்க்யூ -எஃப்

இதில் க்யூவை முழுச் சொல்லாகத் தட்ட வேண்டும். ஃப்ளஷ் என்பதன் எஃப். ரூட் உரிமை வேண்டாம். அரை நிமிடம் விட்டு மறுபடி மெயில்க்யூ. காலியாக இருக்கிறது என்று வந்தால் எல்லாம் கிளம்பிவிட்டது. நெட் இல்லாமல் தவறுதலாக இதைக் கொடுத்தாலும் கெடுதல் இல்லை. அடைப்புக்குள் இருக்கும் காரணம் மட்டும் மாறும்: பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, நெட்வொர்க் எட்டவில்லை என்று ஏதாவது வரும். கடிதம் பழையபடி காத்திருக்கும்.

நெட் ஏறினதும் தானாகவே போகட்டும் என்று நினைப்பவர்கள் நெட் இணைப்பைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜரின் டிஸ்பேச்சர்.டி அடைவில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய கோப்பு) வைக்கலாம். அது ரூட்டுக்குச் சொந்தமாகவும், இயக்கும் உரிமையோடும், மற்றவர் எழுத முடியாததாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடாது. உள்ளே ஒரே நிபந்தனை: கனெக்டிவிட்டி_ஸ்டேட் என்ற மாறியின் மதிப்பு ஃபுல் என்றிருந்தால் 'போஸ்ட்க்யூ -எஃப்' ஓடட்டும். மாறியின் பெயரும் மதிப்பும் பெரிய எழுத்தில். ஹாட்ஸ்பாட்டோடு இணைந்துவிட்டது என்பதும் அந்த ஹாட்ஸ்பாட்டுக்கு நெட் இருக்கிறது என்பதும் ஒன்றில்லை. அதனால்தான் 'இணைந்தது' என்ற செய்தியை நம்பாமல் இந்த மாறியைப் பார்க்கச் சொல்கிறேன். டெபியன் வகைகளில் நெட் ஏறும்போது க்யூவைத் தள்ளிவிடும் ஒரு ஸ்கிரிப்ட் போஸ்ட்ஃபிக்ஸோடு சேர்ந்தே /இடிசி/நெட்வொர்க்/இஃப்-அப்.டி அடைவில் வருவதுண்டு. நீங்கள் சொல்லாமலே கடிதம் போனால் அங்கே பாருங்கள்.

என் விருப்பம், இரவல் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்கள் கையாலேயே தள்ளுவது. கொட்டகைக்கு நிரந்தர இணைப்பு இருந்து அது அவ்வப்போது விழுந்து எழுந்தால் மட்டும் தானியங்கி.

கனமானதை நிறுத்திவைப்பது

இந்த முழு ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. க்யூவில் மூன்று கடிதம் இருக்கிறது: எடைப் பட்டியல் ஒன்று, ஐஸ் பில் ஒன்று, கிழிந்த வலையையும் படகுச் சேதத்தையும் போனில் எடுத்த எட்டுப் படங்களோடு ஒன்று. ஒரு கட்டை சிக்னலில் எல்லாவற்றையும் தள்ளினால் படக் கடிதம் லைனைப் பிடித்துக்கொள்ளும், எடைப் பட்டியலும் இழுத்துக்கொண்டு கிடக்கும். முதலில் படக் கடிதத்தை ஓரங்கட்டுங்கள்:

சுடோ போஸ்ட்சூப்பர் -ஹெச் அடையாள எண்

இது சின்ன ஹெச். மெயில்க்யூவில் அந்த எண் பக்கத்தில் ஆச்சரியக்குறி வரும். இனி போஸ்ட்க்யூ எத்தனை தடவை கொடுத்தாலும் அது அசையாது. ராத்திரி நல்ல லைன் கிடைத்ததும் அதே கட்டளையைப் பெரிய ஹெச் போட்டுக் கொடுத்தால் விடுபடும். பிறகு போஸ்ட்க்யூ.

படங்களின் அளவையும் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். மெயிலில் இணைப்பு பேஸ்64 என்ற வடிவத்துக்கு மாறித்தான் போகும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடும். 4 எம்பி படம் ஐந்தரை ஆகும். போஸ்ட்ஃபிக்ஸ் தானாக வைத்திருக்கும் உச்ச வரம்பு 1,02,40,000 பைட். அதாவது ஏழு எம்பிக்குச் சற்று மேலான இணைப்பிலேயே கடிதத்தை ஏற்க மறுத்துவிடும். மெசேஜ்_சைஸ்_லிமிட் என்ற வரியால் கூட்டலாம், ஆனால் ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. வரம்பைக் கூட்டுவதைவிடப் படத்தைக் குறைப்பதே மேல். இமேஜ்மேஜிக் என்ற பட நிரல் இருந்தால் 'கன்வெர்ட் படம்.ஜேபிஜி -ரீசைஸ் 1280 சிறுபடம்.ஜேபிஜி' போதும். வலை எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்க்க அதுவே தாராளம்.

திருத்தம், நீக்கம், ஒழுங்கு

க்யூவில் இருக்கும் கடிதத்தைத் திருத்த முடியாது. நீக்கிவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்:

சுடோ போஸ்ட்சூப்பர் -டி அடையாள எண்

டெலிட்டின் டி. எண்ணுக்குப் பதில் பெரிய எழுத்தில் 'ஆல்' என்று கொடுத்தால் க்யூ முழுக்கக் காலி. கேட்டுக்கொண்டெல்லாம் இருக்காது, அழித்துவிடும். புதிதாக எழுதச் சோம்பலாக இருந்தால் மட்டில் சென்ட் பெட்டியைத் திறந்து, பழைய கடிதத்தின் மேல் நின்று எஸ்கேப்பும் பிறகு இ எழுத்தும் அழுத்துங்கள். அதே கடிதம் திருத்தத் தயாராக வரும்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், போட்ட வரிசையிலேயே கடிதங்கள் போய்ச் சேரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. காலையில் நண்டு 80 கிலோ என்று ஒன்று, மறுபடி எடை போட்டு 72 கிலோ என்று இன்னொன்று எழுதி, இரண்டும் க்யூவில் இருந்தால் திருத்தம் முதலில் போய், தப்பான கணக்கு பின்னால் சேரலாம். கம்பெனிக்காரர் கடைசியாக வந்ததைத்தான் நம்புவார். முந்தையதை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் விடுங்கள்.

கடிதத்தின் தேதியும் நேரமும் நீங்கள் எழுதியபோது பதிவானதுதான், கிளம்பிய நேரம் அன்று. ஆறரைக்கு எழுதி பதினொன்றுக்குத் தள்ளினால் பெறுபவரின் திரையில் ஆறரை என்றே தெரியக்கூடும். 'காலையிலேயே அனுப்பினேன்' என்று சொல்ல வசதிதான், ஆனால் அவர் கண்ணில் படாமல் கீழே போய்விடவும் வாய்ப்பு உண்டு. ராஸ்பெரி பை 4 மாதிரி சொந்தக் கடிகாரமே இல்லாத சின்ன மெஷினில் இதை ஓட்டுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நெட் இல்லாமல் பூட் ஆனால் நேரம் பின்தங்கி நிற்கும். கடிதத்தில் தப்பான தேதி விழும். ரொம்பவே பின்தங்கினால் சர்வரின் சான்றிதழும் செல்லாது என்று தோன்றி இணைப்பே முறியலாம்.

'போயிருச்சா?'

படகுக்காரர் வந்து, "தம்பி, மெயில் போயிருச்சா?" என்று கேட்பார். அதற்குச் சரியான பதில் சொல்ல நாலு நிலையைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மட் 'அனுப்பியாயிற்று' என்று சொன்னால் போஸ்ட்ஃபிக்ஸிடம் கொடுத்தாயிற்று, அவ்வளவுதான். மெயில்க்யூவில் எண் இருந்தால் இன்னும் நம் மேசையில்தான் இருக்கிறது. "க்யூல கெடக்குண்ணே, சிக்னல் வரவும் தள்ளிவிடுறேன்" என்பதே நேர்மையான பதில். லாகில் 250 வந்து க்யூ காலியானால் ஜிமெயில் வாங்கிக்கொண்டது. ஆனால் பெறுநர் முகவரியில் ஒரு எழுத்து பிசகியிருந்தாலும் ஜிமெயில் அதை முதலில் வாங்கிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் திரும்பிவந்த கடிதம் ஒன்று நம் இன்பாக்ஸில் விழும். அதனால் க்யூவைத் தள்ளின கையோடு லைனை அணைக்காதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்து, போனிலாவது இன்பாக்ஸைப் பாருங்கள். திரும்பி எதுவும் வரவில்லை என்றால் தைரியமாக, "போயிருச்சுண்ணே" சொல்லலாம்.

லாகில் 4இல் தொடங்கும் எண் தற்காலிகச் சிக்கல், போஸ்ட்ஃபிக்ஸ் வைத்திருந்து மறுபடி முயலும். 5இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு, கடிதம் உங்களுக்கே திரும்பும். லாகினில் வரும் 535 மட்டும் முன்னே சொன்ன விதிவிலக்கு.

எப்போதாவது ஒரே கடிதம் இரண்டு தடவை போய்ச் சேரும். சர்வர் முழுக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு 'சரி' என்று சொல்லும் அந்த நொடியில் லைன் அறுந்தால், நம் பக்கம் அது போகவில்லை என்றே கணக்கு. அடுத்த தடவை மறுபடி அனுப்பும். மெயில் நெறிமுறை அப்படித்தான் அமைந்திருக்கிறது: தொலைவதைவிட இரண்டாகப் போவது மேல். பணம் சம்பந்தப்பட்ட கடிதத்தில் பில் எண் எழுதிவிட்டால் யாரும் இரண்டு தடவை கணக்கில் ஏற்ற மாட்டார்கள்.

புயல் காலத்துக்கு ஒரு வரி

ஐந்து நாள் ஆகியும் போகாத கடிதத்தை போஸ்ட்ஃபிக்ஸ் கைவிட்டுத் திருப்பி அனுப்பிவிடும். சாதாரண நாளில் இது போதும். ஐப்பசி, கார்த்திகையில் போதாது. 2018 நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது அந்தப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் கரண்ட் வரவே வாரக்கணக்கில் ஆனது. அதனால்:

மேக்சிமல்_க்யூ_லைஃப்டைம் = 20டி
பவுன்ஸ்_க்யூ_லைஃப்டைம் = 20டி

எண்ணை ஒட்டி நிற்கும் டி, நாளைக் குறிப்பது. வரம்பே வேண்டாம் என்று நினைத்து சுழியம் போட்டுவிடாதீர்கள். சுழியம் என்றால் ஒரே ஒரு முயற்சி, அது தோற்றால் உடனே திருப்பிவிடு என்று அர்த்தம்.

அடிக்கடி வரும் இரண்டு மாயச் சிக்கல்கள்

ஒன்று: பிரவுசரில் நெட் நன்றாக ஓடும், போஸ்ட்ஃபிக்ஸ் மட்டும் சர்வர் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அடம்பிடிக்கும். பல டெபியன் வகைகளில் போஸ்ட்ஃபிக்ஸின் அனுப்பும் பகுதி ஒரு மூடிய அடைவுக்குள் ஓடும். டிஎன்எஸ் விவரத்தின் பிரதி ஒன்றைத் தனியாக உள்ளே வைத்திருக்கும். நெட் இல்லாமல் பூட் ஆன லேப்டாப்பிலோ, காலையில் ஒருவர் ஹாட்ஸ்பாட், மாலையில் இன்னொருவருடையது என்று மாறும்போதோ அந்தப் பிரதி பழசாகிவிடும். உடனடித் தீர்வு போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்வது. நிரந்தரத் தீர்வு மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் எஸ்எம்டிபி, யூனிக்ஸ் என்று தொடங்கும் வரியைப் பிடித்து, ஐந்தாவது பத்தியில் இருப்பதை 'என்' என்று மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் கொடுப்பது. அதே கோப்பில் எஸ்எம்டிபி, ஐநெட் என்றும் ஒரு வரி இருக்கும். அது உள்ளே வரும் மெயிலுக்கானது, அதைத் தொட வேண்டாம்.

இரண்டு: தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போன் தானாக இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கப் பார்க்கும். தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தானே. திரையில் முழுக் கட்டை சிக்னல் தெரியும், ஒரு பைட் கூட நகராது. ரோமிங் திறந்திருந்தால் நகரும், பில்லும் சேர்ந்து ஏறும். போன் அமைப்பில் நெட்வொர்க் தேர்வைக் கையால் என்று மாற்றி நம் கம்பெனியை நிலைநிறுத்துங்கள், டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். க்யூ எத்தனை நேரமானாலும் காத்திருக்கும். அரிச்சல்முனையில் நின்று தள்ளியே ஆகவேண்டும் என்றில்லை, தங்கச்சிமடம் வந்து தள்ளலாம்.

ஒரே ஆள், ஒரே லேப்டாப் என்றால்

அவருக்கு போஸ்ட்ஃபிக்ஸ் கொஞ்சம் கனம்தான். எம்எஸ்எம்டிபி என்ற சின்ன நிரலைப் போட்டுக்கொள்ளலாம். அதோடு என்க்யூ, லிஸ்ட்க்யூ, ரன்க்யூ என்று மூன்று சின்ன ஸ்கிரிப்ட்கள் வருகின்றன. மட்டில் சென்ட்மெயில் என்ற அமைப்பில் என்க்யூ ஸ்கிரிப்டின் பாதையைக் கொடுத்தால் ஒவ்வொரு கடிதமும் வீட்டு அடைவில் தேதியும் நேரமும் பெயராகக் கொண்டு இரண்டு கோப்பாகச் சேரும்: ஒன்றில் கடிதம், இன்னொன்றில் யாருக்கு, எப்படி என்ற விவரம். லைன் வந்ததும் ரன்க்யூவை ஓட்ட வேண்டும். போனதை அழித்துவிடும், போகாததை விட்டுவைக்கும். அது ஓடும்போது பாதியில் லேப்டாப் அணைந்தால் பூட்டுக் கோப்பு ஒன்று மிஞ்சி, அடுத்த தடவை 'வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்' என்று காத்திருக்கும். வேறு எதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அந்தக் கோப்பை அழித்தால் சரியாகிவிடும்.

ஆனால் எண் போட்டு நிறுத்திவைப்பது, தன்னாலே மறுமுயற்சி, பல பேருக்கு ஒரே க்யூ எல்லாம் இதில் கிடையாது. கொட்டகையில் இரண்டாவதாக ஒருவர் அதே மெஷினில் உட்காரப்போகிறார் என்றால் ஆரம்பத்திலேயே போஸ்ட்ஃபிக்ஸுக்குப் போய்விடுங்கள்.